போலி எனப்படுவது யாது?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பண்ணைப்புரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் சில சொற்கள் இலக்கண நூலில் ஒரு முகமும் கடைத்தெருவில் மற்றொரு முகமும் காட்டுவன. ‘போலி’ அத்தகைய சொல். இலக்கணத்தில் போலி குற்றமன்று. அறம் என்பது அறன் எனவும், நிலம் என்பது நிலன் எனவும், மயல் என்பது மையல் எனவும் வரும். ஓர் எழுத்து இருந்த இடத்தில் மற்றோர் எழுத்து வந்து அமர்கிறது, பொருள் மாறுவதில்லை. அம்மாற்றம் சொல்லின் முதலில் நிகழ்ந்தால் முதற்போலி, இடையில் நிகழ்ந்தால் இடைப்போலி, இறுதியில் நிகழ்ந்தால் கடைப்போலி என இலக்கணம் அதற்கு இடமும் பெயரும் தந்து ஏற்றுக்கொள்கிறது. கடைத்தெருவிலோ போலி என்பது வசைச்சொல். போலி மருந்து, போலி நகை, போலிப் பத்திரம் என்று கேட்ட அளவில் முகம் சுளிக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் அமைதியாகவும் மற்றோரிடத்தில் வழுவாகவும் ஆவது எதனால்? இவ்வினாவிற்கான விடை, இவ்வூரில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாங்கிய பழைய கைக்கடிகாரத்தினுள் கிடைத்தது.

கடிகாரத்தைத் திறக்குமுன் அதன் குலமரபை அறிதல் வேண்டும். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் எனப்படும் எச்.எம்.டி. நிறுவனம் 1953இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம். 1961இல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அங்குக் கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. தொடக்க காலத்தில் எச்.எம்.டி., சிட்டிசன் என்னும் இரு பெயர்களையும் முகப்பில் தாங்கிய கடிகாரங்களும் வெளிவந்தன. பின்னர் வந்த மாதிரிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘ஜனதா’. மக்கள் என்பது அதன் பொருள். நாள்தோறும் சாவி கொடுத்தால்தான் ஓடும் எளிய கடிகாரம் அது. அரசு அலுவலர், ஆசிரியர், பேருந்து நடத்துநர், திருமணத்தின்போது மாமனார் வீட்டில் பெற்ற புதுமாப்பிள்ளை எனப் பலர் கைகளில் அது ஓடியது.

1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. மின்கலத்தால் ஓடுவதற்குச் சாவி வேண்டியதில்லை. மக்களின் விருப்பம் மாறியது, எச்.எம்.டி.யின் சந்தை தேய்ந்தது. 2016 சனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மைய அரசு ஒப்புதல் அளித்தது. ஒன்று இல்லாமற்போகும் என்று தெரிந்த பின்னரே அதன் அருமை தெரிவது உலகியல்பு. பழைய ஜனதாக்களைத் தேடுவோர் பெருகினர். தேடுவோர் பெருகியதும் ‘ஆக்கித் தருவோரும்’ பெருகினர். சிதைந்த கடிகாரங்கள் பலவற்றின் உறுப்புகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்ப்பதும், மங்கிய முகப்பைச் சுரண்டி வண்ணம் பூசிப் பெயரை மீண்டும் அச்சிடுவதும், தேய்ந்த கூட்டை மெருகேற்றுவதும், பின்னர் ‘பயன்படுத்தாத பழைய சரக்கு’ என்று விற்பதும் ஒரு தொழிலாயிற்று.

மேகமலைக்கும் கேரள எல்லை மலைக்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கில், விடியுமுன் எழுந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். ஆசிரியரின் தந்தையாரும் அவ்வாறு சென்றவரே. அவர் கையில் ஒரு ஜனதா இருந்தது. விளக்கொளியில் அதற்குச் சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்ட பின்னரே அவர் வீட்டை விட்டு இறங்குவார். மகனை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டியிருந்தபோது அந்தக் கடிகாரம் விற்கப்பட்டது. வெயிலில் கறுத்த கையில், வார் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்ததை மகன் பார்த்தார். சில மாதங்களில் அந்த வெளுப்பும் கறுத்துவிட்டது. மகனுடைய நினைவில் அது மறையவில்லை.

தந்தையார் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், தொலைவிலிருந்த வணிகர் ஒருவரிடம் அதே மாதிரி ஜனதா ஒன்று இருப்பதாக ஆசிரியர் அறிந்தார். ‘பெட்டியிலேயே இருந்தது, கை படாதது’ என்ற உறுதிமொழியுடன் அது வந்து சேர்ந்தது. கல்லூரிக்குப் புறப்பட்ட பேத்தியின் கையில் அதைக் கட்டிவிட்ட ஆசிரியர், அந்த நெகிழ்ச்சியில், “இது உன் கொள்ளுத்தாத்தா கட்டியிருந்த கடிகாரம்மா” என்று சொல்லிவிட்டார். அதே போன்றது என்று சொல்லியிருக்கலாம். ‘போன்றது’ என்ற ஒரு சொல் நாவில் வரவில்லை.

ஒரு மாதத்தில் கடிகாரம் பின்தங்கியது, பின்பு நின்றது. ஆசிரியர் அதனை உத்தமபாளையத்திலுள்ள முதிய பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றார்.

அம்முதியவர் உடனே திறக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு முகப்பையே நெடுநேரம் பார்த்தார். தொழிற்சாலை அச்சில் மெலிந்து கூர்மையாக நிற்க வேண்டிய எழுத்துகள் தடித்து, ஓரங்களில் மை கசிந்திருந்தன. நிமிடக் கோடுகள் சில, மணிக்குறிகளோடு நேர்படாமல் விலகி நின்றன. முகப்பு நேற்றுப் பிறந்ததுபோல் பளபளக்க, முட்களில் துருப்புள்ளிகள் இருந்தன. ஒரே நாளில் பிறந்த உறுப்புகள் வெவ்வேறு அளவில் முதுமை அடைதல் அரிது. கூட்டின் விளிம்புகளோ மெருகேற்றித் தேய்த்ததில் கூர்மையிழந்து உருண்டிருந்தன.

பின்மூடி திறக்கப்பட்டது. முதலில் வில்சுருளில் எஞ்சியிருந்த முறுக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார் முதியவர். முறுக்கு இருக்கும்போதே உறுப்புகளைக் கழற்றினால், அடைபட்ட ஆற்றல் ஒரே நொடியில் பாய்ந்து பற்களை முறித்துவிடும். அடுத்துச் சாவித்தண்டை உருவிப் பொறியைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தார். முட்கள் நீங்கின, முகப்பு நீங்கியது. முகப்பைப் பொறியோடு பிணைக்கும் சிறு கால்களுள் ஒன்று முறிந்திருந்தது. அதற்கு ஈடாகப் பசை ஒட்டப்பட்டிருந்தது. முகப்பின் விளிம்பில் புதுப்பூச்சு பெயர்ந்த இடத்தில் பழைய வெண்மை மங்கலாகத் தெரிந்தது.

பின்பு அலைசக்கரம், அதனோடு இணைந்த மயிரிழைச் சுருள், கவை, பல்சக்கரங்கள், வில்சுருளின் கூடு என ஒவ்வொன்றாகத் தாளின்மேல் வந்து அமர்ந்தன. பொறியின் தகட்டில் எச்.எம்.டி. 0231 என்ற குறி பொறிக்கப்பட்டிருந்தது, அது உண்மையானது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து துடிப்பு என இயங்கும் பொறி அது. ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்க வேண்டிய அப்பொறியில் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்தது. முகத்திற்கு வண்ணம் பூசியவர் உள்ளே எண்ணெய் மாற்றவில்லை. கடிகாரம் நின்றதற்குக் காரணம் அதுவே. சக்கரங்களைத் தாங்கும் பாலங்களுள் ஒன்று சற்று வேறு நிறமாயிருந்தது; அது மற்றொரு கடிகாரத்திலிருந்து வந்தது.

இறுதியில் முதியவர் பின்மூடியின் உட்புறத்தை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினார். ஊசிமுனையால் கீறிய மிகச் சிறிய குறிகள் அங்கு இருந்தன: 7-83 என ஒன்று, 11-91 என மற்றொன்று. பழுதுபார்ப்போர் தாம் கை வைத்த மாதத்தையும் ஆண்டையும் உள்மூடியில் கீறி வைப்பது அத்தொழிலின் வழக்கம். உரியவர் கண்ணில் படாது; அடுத்துத் திறக்கும் தொழிலாளிக்கு மட்டும் தெரியும்.

“சார், இது பெட்டியில தூங்கின கடிகாரம் இல்ல. நல்லா ஓடி உழைச்ச கடிகாரம்,” என்றார் முதியவர்.

“அப்ப இது எச்.எம்.டி.யே இல்லையா அண்ணே?”

“மெஷின் எச்.எம்.டி.தான் சார். மூஞ்சிதான் பொய்.”

அவையோர் இவ்விடத்தில் ஒரு செய்தியை எண்ணிப் பார்த்தல் தகும். இக்கடிகாரம் பதினேழு கற்கள் கொண்டது. சக்கரங்களின் அச்சுமுனைகள் உலோகத்தில் உராய்ந்து தேயாதிருக்கப் பதிக்கப்படும் அக்கற்கள் மாணிக்கங்கள். நிலத்தில் தோண்டி எடுத்தவை அல்ல. அலுமினிய ஆக்சைடுத் தூளைச் சிறிதளவு குரோமியச் சேர்மத்துடன் உயர்வெப்பச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் வெர்னுய் 1902இல் அறிவித்தார். அவ்வாறு ஆலையில் விளைந்த மாணிக்கமே உலகெங்கும் கடிகாரங்களில் பதிகிறது. அதைச் செயற்கை மாணிக்கம் என்றே அழைக்கின்றனர், யாரும் ஏமாறுவதில்லை. அதே கல்லை மோதிரத்தில் பதித்துச் சுரங்கத்தில் எடுத்தது என்று விற்றால் அது மோசடி. கல் ஒன்றே, சொல் வேறு.

மாற்றிய பாலமும் அவ்வாறே. அது மற்றொரு கடிகாரத்தின் உறுப்பாயினும் அதே சக்கரத்தை அதே இடத்தில் தாங்கி நிற்கிறது. இடம் மாறியும் பொருள் மாறாத அது, இலக்கணம் ஏற்கும் போலி. அப்படியாயின் முகப்பு செய்த குற்றம் யாது? புதிய முகப்பும் மணியைச் சரியாகத்தானே காட்டும்? ‘முகப்பு தீட்டப்பட்டது’ என்று சொல்லி விற்றிருந்தால் அது வெறும் புதுக்கல், குற்றமில்லை. ‘கை படாதது’ என்ற வாய்மொழியே அதைக் கடைத்தெருப் போலியாக்கியது. குற்றம் பொருளில் இல்லை. பொருளைப் பற்றிச் சொன்ன சொல்லில் இருக்கிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்களுக்கு இது அயலார் செய்தியன்று.

நன்னூல் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தும். வழிநூல் செய்தவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. முன்னோன் நூலின் வழிவந்ததை அவன் மறைப்பதில்லை. சிட்டிசனின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய தொடக்ககால எச்.எம்.டி. கடிகாரம் அவ்வகையில் ஒரு வழிநூல். இவ்வூரில் 1943இல் பிறந்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையிசைக்கு வந்த இளையராஜா, மேலைநாட்டுச் சிம்பொனி வடிவில் தாம் இயற்றியதை 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேற்றினார். சிம்பொனியைச் சிம்பொனி என்றே சொல்லி அதனுள் தம் இசையை வைத்தார். வடிவம் கடன் வாங்கியது என்பதால் அது போலி ஆகிவிடவில்லை.

பழமையைக் கையாள்வதில் தமிழுக்கு வழிகாட்டியாக நிற்பவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அவர், சுவடிகள் வேறுபட்ட இடங்களில் பாடபேதங்களைக் காட்டினார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. நானூறு என்னும் கணக்கை நிரப்ப அகவற்பா இரண்டு யாத்துச் சேர்த்திருக்கக் கூடிய புலமை அந்நாளில் பலருக்கு உண்டு. சேர்த்திருந்தால் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயினும் அவ்விரண்டு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன. மற்றப் பாடல்களை நம்பிப் படிப்பதற்கு அந்த வெறுமையும் ஒரு காரணம்.

இன்று எழுதப்படும் கவிதைகளிலும் தீட்டிய முகப்புகள் உள. பழஞ்சொற்கள் பளபளக்கும், உள்ளே எண்ணெய் உலர்ந்து கிடக்கும். யாரோ ஒருவருடைய துயரைத் தம் துயர் என்று தீட்டுவதும் உண்டு. முன்னோர் யாப்பை எடுத்தாள்வதும், பிறர் பாடிய பொருளை மீண்டும் பாடுவதும் குற்றமல்ல. தூதும் பிள்ளைத்தமிழும் அவ்வாறு வளர்ந்தவையே. தன் அனுபவம் எது, கேட்டறிந்தது எது என்ற வேறுபாட்டை எழுதுவோர் அழிக்கும்போதே கவிதை பொய்யாகிறது. உள்மூடியில் ஒரு கீறலாவது உண்மையாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியரின் கதை இன்னும் முடியவில்லை. “பழைய டயல் ஏதாவது கெடைச்சா மாத்தித் தரவா சார்?” என்று முதியவர் கேட்டார். வணிகர் மீது எழுந்த சினம் அதற்குள் ஆசிரியரிடம் தணிந்திருந்தது. வணிகர் முகப்பில் சொன்ன பொய்யைத் தாம் பேத்தியிடம் நாவால் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. “வேண்டாம்ணே. சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு, ஓட்டிக் குடுங்க. உள்ள உங்க தேதியையும் கீறிருங்க,” என்றார்.

அன்றிரவு அவர் ஒரு தாளில் எழுதினார்: பொறி உண்மை, முகப்பு புதிது, பாலம் ஒன்று வேறு, மூடியில் 1983, 1991ஆம் ஆண்டுக் குறிகள் உள, கொள்ளுத்தாத்தாவின் கடிகாரம் அன்று, அதே மாதிரியானது, அவருடையது என் படிப்பிற்காக விற்கப்பட்டது. விடுமுறைக்கு வந்த பேத்தியிடம் அத்தாளையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார். விற்ற செய்தியை அவர் அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பேத்தி தாளை இருமுறை படித்தாள். “அப்ப இது யாரோட தாத்தாவுது?” என்று கேட்டாள். ஆசிரியரிடம் விடை இல்லை. அவள் கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு மீண்டும் கையில் கட்டிக்கொண்டாள்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் எழுத வேண்டும். எழுதுவனவற்றை என்றோ ஒருநாள் யாரேனும் திறந்து பார்ப்பர். அவர்கள் காணும் குறிகள் உண்மையாய் இருக்கட்டும்.