தெருவைக் கேட்டு வடிகால் போடுங்கள்

இன்று பட்டம் பெறும் இளைய நண்பர்களே, பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சென்னையின் மழைநீர் வடிகால்களோடு கழித்தவன் நான். இன்றும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எட்டே ஆண்டுகளில் ஒரே ஊர் மூழ்கி, தவித்து, மறுபடியும் மூழ்கியது. மழைக்கும் வறட்சிக்கும் இந்த ஊரைத் தயார்ப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2015 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, வேளச்சேரியை ஒட்டிய ஒரு தெருவில் வடிகாலுக்காக லெவல் எடுத்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மா வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, "ஐயா, ரோட்டையே அளக்குறீங்க. தண்ணி பின்னாடி காலி மனையிலேருந்துல்ல வரும்" என்றார். கடைக்குள் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். ஆணியால் கீறிய இரண்டு கோடுகள். முழங்கால் உயரத்தில் இருந்ததைத் தொட்டு, "இது சுனாமிக்கு மறுவருஷம்" என்றார். அடுப்பு மேடைக்கும் மேலே இருந்ததைக் காட்டி, "இது போன டிசம்பர்" என்றார். முதலில் சாக்கடை மூடி வழியாகக் கசியும், கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து வெள்ளமாக வரும் என்று வரிசையாகச் சொன்னார். "முன்ன அங்க ஓடை இருந்துச்சு. மனை போட்டப்போ தூர்த்துட்டாங்க."

காலி மனையில் லெவல் எடுத்துப் பார்த்தோம், சாலையைவிடத் தாழ்ந்திருந்தது. பழைய புல வரைபடத்தைத் தேடி எடுத்தபோது அதே இடத்தில் ஓடைப் புறம்போக்கு! அந்தத் தெருவுக்கான வடிகாலின் போக்கையே மாற்றி வரைந்தோம். மழை அளவை வானிலை ஆய்வு மையம் தரும். நிலத்தின் சரிவை அளவைக் கருவி தரும். எந்த வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்பதை அந்தத் தெருக்காரர்தான் சொல்ல முடியும்.

2015 வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். மூழ்கிய தெருக்களை இளைஞர்கள் இணைய வரைபடத்தில் குறித்துக்கொண்டே இருந்தார்கள். உத்தரவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்கு வெகு முன்பே, இயற்பியல் படித்த சேகர் ராகவன் 1990களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீரைச் சேமிக்கச் சொன்னார். தமிழ்நாடு முழுவதும் அது கட்டாயமானது 2003இல்தான்.

மக்களே முன்வந்தால் என்ன நடக்கும் என்பதை என் கல்லூரி நாட்களிலேயே பார்த்தேன். அப்போது சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். விடுதிக் குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வாளி வைக்கும் முறையை மாணவர்களே எழுதி ஒட்டினோம்; அதன்பின் ஒரு சண்டைகூட வரவில்லை. பொதுநிர்வாகத்தில் நான் படித்த முதல் பாடம் அதுதான்.

ஆனால் சென்னைக்கான காலநிலை செயல்திட்ட வரைவு 2022இல் முதலில் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. மக்கள் கேட்ட பிறகே தமிழில் வந்தது. கருத்துக் கேட்பது சடங்காகிவிட்டால் இப்படித்தான் நடக்கும். வெள்ளத்தில் முதலில் நனைகிறவருக்குப் புரியாத மொழியில் எந்தத் திட்டமும் வரக் கூடாது. நாளை நீங்கள் அதிகாரிகளாகும்போது இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேட்பதற்கு இன்று ஓர் இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில், குடியிருப்பவர்கள் நேரில் பேசும் பகுதி சபைகள் கூடின. பல இடங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. படித்தவர்கள் போகாத சபையில் குப்பையும் தெருவிளக்கும் மட்டுமே பேசப்படும். ஏரியும் ஓடையும் வெயிலும் பேசப்படாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டு எது, பகுதி சபை எப்போது கூடுகிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். உங்கள் தெருவில் எந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சபையில் படித்துக் காட்டி, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.