சர்வர் மாறும் நாள்



முகூர்த்த நாளில் குறிஞ்சிப்பாடி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமாக 100 டோக்கன். நல்ல நாள் என்றால் பதிவுத்துறை அதை 150 ஆக்குகிறது. விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லோரும் வந்து நிற்கும்போது "சர்வர் டவுன்" என்று சொன்னால், கடன் வாங்கிப் பணம் புரட்டியவருக்கு வயிற்றில் புளி கரையும். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்து, தமிழ்நாடெங்கும் பத்திரப்பதிவு இணையவழிக்கு மாறியது. அதன்பின் சர்வர் கோளாறால் பதிவு நின்ற செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்தன.

சர்வர் பல காரணங்களால் நிற்கும். மென்பொருளைப் பெரிய புதிய பதிப்புக்கு மாற்றும்போது நிற்பதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுதான் ஆதரவு. ஆகவே மாறாமலும் இருக்க முடியாது. பழைய பதிப்பு எழுதிய கோப்புகளைப் புதியது அப்படியே படிக்காது; மாற்றிக் கொடுக்க வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று, நகல் எடுக்காமல் பழைய கோப்புகளையே இணைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் புதிய சர்வர் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், பழையதை மறுபடி பாதுகாப்பாக இயக்க முடியாது. அந்த நேரத்தில் சர்வர் விழுந்தால் காப்பாற்றுவது பேக்கப் என்னும் காப்பு நகல் ஒன்றுதான்.

அந்த பேக்கப்பே இல்லாமல் போன கதை ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமே இல்லை. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. கருவி தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிலப்பத்திரம் ஒரு குடும்பத்தின் ஆயுள் உழைப்பு. அதைக் காக்கும் சர்வரை மாற்றுமுன், பேக்கப்பை இன்னொரு கணினியில் ஏற்றி, பத்து ஆண்டுக்கு முந்தைய வில்லங்கச் சான்று அதில் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றும் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தத் தேதி முகூர்த்த நாளாக இருக்கவே கூடாது.

உங்கள் கடையிலோ நெசவாளர் சங்கத்திலோ பில் போடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஏற்ற ஆள் வந்தால், நீங்களும் கேளுங்கள்: "பேக்கப்பைத் திறந்து போன மாசக் கணக்கைக் காட்டுங்க. அப்புறம் தொடங்கலாம்." காட்ட முடியாவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.