பாவியின் மனமும் நம் பார்வையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடந்த ரமளானில் பைத்துல்மால் உதவிப் பட்டியலைத் தயாரிக்க நாம் அமர்ந்தபோது, மதுப்பழக்கத்தால் தொழிலை இழந்த சகோதரர் ஒருவரின் பெயர் வந்தது. அரிசிக்கும் துணிக்கும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. நேரில் சென்று ஆறுதல் கூறி வரலாமே என்று ஒருவர் கேட்டதும், "அவருக்கு என்ன ஆறுதல் வேண்டிக் கிடக்கிறது?" என்றோம். அதே வாரம், வியாபாரத்தில் நொடித்துப்போன மற்றொருவரின் வீட்டுக்கு ஐந்து பேராகச் சென்று வெகுநேரம் அமர்ந்திருந்தோம். இரு வீட்டிலும் கஷ்டம் ஒன்றே. ஆயினும் ஒருவருக்கு வயிறும் மனமும் இருப்பதாக எண்ணினோம். மற்றவருக்கு வயிறு மட்டுமே இருப்பதாக எண்ணிவிட்டோம். ஒருவரைத் தீயவர் என்று தீர்மானித்துவிட்டால், அவருக்கும் வெட்கமும் தனிமையும் மதிப்புக்கான ஏக்கமும் இருக்கும் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது, மிஸ்தஹ் (ரலி) அவர்களும் அதில் பங்கு கொண்டுவிட்டார்கள். அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட முஹாஜிர்; ஏழை; அபூபக்கர் (ரலி) அவர்களின் தாய்வழி உறவினர்; அவர்களது பொருளுதவியைப் பெற்று வந்தவர். பெற்ற மகளின் மானத்தைப் பற்றிப் பேசியவருக்கு இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று அபூபக்கர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பனாரும் அதைத்தான் செய்திருப்பார். அப்போதுதான் அந்நூர் அத்தியாயத்தின் 22-ஆவது வசனம் இறங்கியது. யாருக்குக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்று கூறுமிடத்தில் உறவினர், ஏழை, ஹிஜ்ரத் செய்தவர் என்ற மூன்று அடையாளங்களே அதில் வருகின்றன. அவதூறு பேசியவர் என்ற அடையாளம் அங்கே இல்லை! அபூபக்கர் (ரலி) அவர்கள் உதவியை மீண்டும் தொடங்கினார்கள்.

குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதா என்று கேட்கலாம். மிஸ்தஹ் (ரலி) அவர்களுக்கு அவதூறுக்கான தண்டனையும் நிறைவேற்றப்பட்டதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. தண்டனை வேறு, உறவை அறுப்பது வேறு.

நாம் முதலில் சொன்ன சகோதரரின் மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். ஜமாஅத் கடிதத்தை வாங்க அவர் வரவில்லை, மகனைத்தான் அனுப்பினார். ஏன் வரவில்லை என்று நாமும் கேட்கவில்லை. நிக்காஹுக்கு முந்திய நாளே அவர் வீட்டுக்குச் சென்று சிறிது நேரம் அமர்ந்து வருவது என்று நிர்வாகத்தில் பேசியிருக்கிறோம். உடன் வர விரும்புவோர் இஷாவுக்குப் பின் செயலாளரிடம் தெரிவிக்கவும்.