தொண்ணூற்றொன்பது ஆடுகள்



திருமறையைக் கற்பிக்கும் முறை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், இது கிறிஸ்தவ சபையாருக்கு மட்டும் உரிய பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரு சமூகம் தன் உயிராகப் போற்றும் நூலை, எழுத்தறியாதவர்க்கும், ஓய்வில்லாதவர்க்கும், சிறுவர்க்கும் எங்ஙனம் உரியதாக்குவது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். தேவாரம் ஓதுவிக்கும் வீட்டிலும் இதே தொல்லை உண்டு. குர்ஆன் ஓதுவிக்கும் பள்ளியிலும் உண்டு. நான் அறிந்தது ஞாயிறு பள்ளி. ஆகவே அதைக் கொண்டு பேசுகிறேன். அதிலும் நான் தவறிய இடத்திலிருந்து தொடங்குவதே நேர்மை.

கல்லூரியில் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், இராமநாதபுரம் சீமையில் ஒரு சிற்றூரின் ஞாயிறு பள்ளியை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. வாரம் ஒரு வசனம் மனப்பாடம். மார்கழியில் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, எல்லா வசனங்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசு. பிள்ளைகள் கிளிகளைப்போல ஒப்பித்தார்கள். நானும் மகிழ்ந்தேன். மாணவர் ஒப்பிக்கும்போது ஆசிரியனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி பொல்லாதது. அது கேள்வி கேட்க விடாது.

புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொன்னேன். லூக்கா எழுதிய நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் அது வருகிறது. நூறு ஆடுகளை உடையவன், ஒன்று காணாமற்போகவே, தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். நல்ல வண்ணப்படம் ஒன்றையும் காட்டினேன். தோளில் ஆட்டைச் சுமந்துகொண்டு ஒரு மேய்ப்பன் தனியே நடந்து வருகிறான். பின்வரிசையில் இருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, மத்த ஆட்டை யாருகிட்ட விட்டுட்டுப் போனாரு?”

பிள்ளைகள் சிரித்தார்கள். “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

என் கடுஞ்சொல்தான் அவனை விரட்டியது என்று உள்ளம் உறுத்தியது. ஐப்பசியில் ஒருநாள் அவன் வீடு தேடிச் சென்றேன். அவன் தாய் சொன்ன செய்தி வேறு. தந்தை ஒரு கீதாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பையனை ஆடு மேய்க்க விட்டிருக்கிறார். கீதாரி என்பவர் செம்மறிக் கிடையின் தலைவர். “ஆட்டுக்கு ஏதுங்கய்யா ஞாயித்துக்கிழமை?” என்றார் அந்த அம்மையார். என் சொல் சுட்டது என்று நான் வருந்திக்கொண்டிருக்க, என் நேரமே அவனைச் சுட்டிருக்கிறது. பிற்பகல் மூன்று மணி, மந்தை மேய்ச்சலில் இருக்கும் வேளை. அந்த நேரத்தை வைத்தவன் நான்; எனக்கு அது வசதியான நேரம்.

ஞாயிறு பள்ளி என்ற பெயரே நேரத்தைப் பற்றிய ஒரு சிந்தனையில் பிறந்தது என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் குளொஸ்டர் என்னும் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை அதிபர் இருந்தார். அந்நகரில் குண்டூசி செய்யும் தொழில் பெரிது. ஏழைச் சிறுவர்கள் வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலையில் உழைத்தார்கள். ஞாயிறன்று தெருவில் கூச்சலிட்டுத் திரிந்தார்கள். ரெய்க்ஸ் 1780-இல் ஓர் அம்மையாருக்குச் சம்பளம் கொடுத்து, அந்த ஒருநாளில் அவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் படிக்கப் பழகிய நூல் வேதாகமம். ஓய்வுநாளில் பள்ளி நடத்துவது தகாது என்று பக்திமான்கள் சிலரே எதிர்த்தார்கள். ஆனால் வேறு எந்த நாள் இருந்தது? ஞாயிறு தூய நாள் என்பது மட்டும் காரணமன்று. அன்றுதான் தொழிற்சாலை மூடியிருந்தது. நாமோ அந்தக் காரணத்தை மறந்து கிழமையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ரெய்க்ஸுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அண்டை நாடாகிய வேல்ஸில், கிரிபித் ஜோன்ஸ் என்னும் குருவானவர் இதைவிட நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார். அவருடைய மக்கள் உழவரும் இடையரும். பேசுவது வேல்ஸ் மொழி. 1731-ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கியவை சுற்றுப்பள்ளிகள். ஓர் ஆசிரியர் ஓர் ஊருக்குச் செல்வார்; ஏறத்தாழ மூன்று மாதம் தங்குவார்; கோயிலோ, களஞ்சியமோ, கிடைத்த இடத்தில் கற்பிப்பார்; பிறகு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பள்ளி நடக்கும்; அப்போதுதான் வயலில் வேலை குறைவு. பகலில் வர இயலாத பெரியவர்களுக்கு இரவில் வகுப்பு. ஆங்கிலத்தில் அன்று, அவர்கள் தாய்மொழியிலேயே பாடம். நோக்கமும் ஒன்றே: மக்கள் தாமே வேதத்தைப் படிக்க வேண்டும். அவர் 1761-இல் மறைந்தார். அதற்குள் 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்பள்ளிகளில் பயின்றதாக அவர் அச்சிட்டு வந்த ஆண்டறிக்கைகளிலிருந்து அறிகிறோம். தாத்தாவும் பேரனும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள் என்று சொன்னால் மிகையன்று.

அந்த மரபில் பின்னர் வந்தவர் பாலா என்னும் ஊரில் வாழ்ந்த தாமஸ் சார்ல்ஸ். அவர் வளர்த்த ஞாயிறு பள்ளி குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. வயதுவந்தோர்க்கும் அங்கே வகுப்புண்டு. வேல்ஸ் ஞாயிறு பள்ளிகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒரு பகுதியை எல்லாரும் கூடி இசையோடு ஓதுவார்கள். பின்னர்ச் சபை நடுவில் அதைப்பற்றி வினா எழும். விடை சொல்ல வேண்டும். ஓதுவது மட்டும் போதாது என்பது அவர்கள் கண்ட உண்மை. மேரி ஜோன்ஸ் என்ற ஏழைப் பெண் ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து, 1800-இல் நாற்பது கிலோமீட்டர் தொலைவு நடந்து இந்தச் சார்ல்ஸிடம் வந்து ஒரு வேதாகமம் வாங்கிச் சென்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. 1804-இல் இலண்டனில் வேதாகமச் சங்கம் நிறுவப்பட்டதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுதல் என்பர். யாரும் அவளுக்குப் பரிசு காட்டி அழைக்கவில்லை என்பதை மட்டும் நான் என் வகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் கடல் கடந்து போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் சான்று உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவர் வரிசையில் உட்கார்ந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது. எனினும் அச்சேறிய நூலைப் படிக்க வல்லவர் அன்று எத்தனை பேர்? அந்தப் பள்ளத்தைத் தூர்த்தது பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் நண்பர். வேதக் கதைகளை அவர் மக்கள் அறிந்த உருவங்களில் வார்த்தார். குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியாக 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். கும்மியும் கப்பற்பாட்டும் பாடினார். கண்ணால் படிக்க இயலாதவர்கள் காதால் படித்தார்கள். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பாட்டால் கதவைத் திறந்த அதே சாஸ்திரியார், கோயிலுக்குள் சாதிக்கொரு தனியிடம் என்ற பழைய வழக்கத்தை ஆதரித்துப் புதிய பாதிரிமாரோடு வாதாடினார். திறந்த கதவுக்குள் நுழைந்தவனைப் பின்னால் உட்கார் என்று சொன்னால், அவன் காதில் பாட்டு எப்படி விழும்? புதிய பாதிரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டில் வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் பிழை. இரு சாராரிடமும் ஒவ்வொரு நன்மையும் ஒவ்வொரு பிழையும் இருந்தன.

இனி என் ஊருக்குத் திரும்புகிறேன்.

பையனை மீட்டுப் பள்ளியில் சேர்க்க முயன்றேன். முன்பணம் ஆண்டு முடிந்தால்தான் கழியும் என்றார் தந்தை. அதைத் திருப்பிக் கொடுக்கும் வசதி அவரிடமும் இல்லை, அந்நாளில் என்னிடமும் இல்லை. ஆகவே வகுப்பைக் கிடைக்குக் கொண்டு போவதென்று முடிவு செய்தேன். மழை விட்ட மாலைகளில், ஆடுகளை அடைத்த பிறகு, வயலோரத்தில் ஓர் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சபைப் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “கோயில் இருக்க, புழுக்கை நாற்றத்தில் என்ன வேதபாடம்?” என்றார்கள். குருவானவர் மட்டும், “பெத்லகேமில் முதற்செய்தி கேட்டவர்களும் கிடைகாத்தவர்கள்தானே” என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

முதலில் வந்தவர்கள் நான்கு பேர். பிறகு களையெடுத்துத் திரும்பும் பெண்கள் வந்தார்கள். அவர்களுள் ஒரு பாட்டி, ஓரெழுத்தும் அறியாதவர், ஆனால் கீர்த்தனைகள் பல அவருக்கு வரி பிசகாமல் பாடம். அவர் பாடப் பாட, பாட்டுப் புத்தகத்தில் அந்த வரியின்கீழ் அவர் விரலை வைத்து நகர்த்தினேன். தெரிந்த பாட்டின் ஒலி, தெரியாத எழுத்தின்மேல் மெல்ல வந்து உட்கார்ந்தது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குள் அவர் தம் பெயரின் எழுத்துக்களைப் புத்தகத்தில் தேடிப் பிடிக்கத் தொடங்கிவிட்டார். முதியோர்க்கு அகர வரிசையில் தொடங்குவதைவிட இது எளிது; விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒருநாள், காணாமற்போன ஆட்டின் உவமையை மறுபடியும் எடுத்தேன். இம்முறை நானாக விளக்கவில்லை. பையன் அன்று கேட்ட கேள்வியை அவன் பெயரைச் சொல்லியே சபை முன் வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கீதாரி சற்று எட்ட அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். சேர வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

“ஒத்தைக்கு ஒருத்தன் நூறு ஆடு காக்கிறதாவது! பக்கத்துக் கிடைக்காரன் இருப்பான், கூட்டாளி இருப்பான். ‘பாத்துக்கப்பா’ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் போவான். ஆள் இல்லாமப் போனா அவன் கீதாரியா, வாத்தியாரையா?”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஆட்டைக் கண்டெடுத்தவன் வீட்டுக்கு வந்து, நண்பரையும் அயலாரையும் கூட்டி, என்னோடு மகிழுங்கள் என்று சொல்வதாக அங்கே எழுதியிருக்கிறது. நூறு முறை நான் ஒப்பித்த வசனம் அது. அந்த நண்பர்கள் யார், அயலார் யார், அவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் ஒருமுறையேனும் எண்ணியதில்லை. உரைநூல்கள் கீதாரியின் கருத்தை ஒப்புமோ ஒப்பாவோ, நான் அறியேன். ஆனால் அன்றிரவு அந்த வட்டத்தில் பேசாதவர் ஒருவரும் இல்லை. வண்ணப்படத்தில் மேய்ப்பன் ஏன் தனியாக இருக்கிறான் என்று பாட்டி கேட்டார். படம் எழுதியவனுக்கு ஆடு தெரியாது என்றார் கீதாரி.

அந்த ஆண்டு மனப்பாடப் பரிசை நிறுத்திவிட்டேன். சில பெற்றோர்க்கு வருத்தம், பிள்ளைகளுக்கும் வருத்தம்தான். வசனம் மனப்பாடம் செய்வதை நான் குறைகூறவில்லை. பாட்டிக்கு உதவியது மனப்பாடமே அன்றோ? பரிசுக்காக ஓட்டப்பந்தயம் வைத்ததுதான் என் பிழை.

தை கடைசியில், அறுவடையான வயல்களில் கிடை போட மந்தைகள் தஞ்சைப் பக்கம் புறப்பட்டன. பையனும் போனான். கிரிபித் ஜோன்ஸின் ஆசிரியர்போல உடன் செல்ல எனக்கு விடுமுறை இல்லை. லூக்காவின் நற்செய்தி அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றை அவன் கையில் கொடுத்தனுப்பினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தான்.

ஆடியில் மந்தை திரும்பியது. புத்தகத்தின் மேலட்டையைக் காணோம். மழையில் நனைந்து பாதித் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் அதற்காக அஞ்சியதாகத் தெரியவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தைத் திறந்து, ஆட்டின் கதையைத் தாண்டி, அடுத்து வரும் கதையில் விரலை வைத்தான். வீட்டை விட்டுப் போன இளைய மகன், பஞ்சத்தில் ஒருவனிடம் ஒட்டிக்கொண்டு பன்றி மேய்க்கும் இடம் அது.

“ஐயா, பன்னி மேய்ச்சவனுக்குக் கூலி என்ன? பசியோட கிடந்தான், ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கலன்னு போட்டிருக்கு. கூலி பேசாமலா வேலைக்குப் போனான்?”

என்னிடம் விடை இல்லை. “இன்று மாலை கீதாரியைக் கேட்போம்” என்றேன். அவன் சற்றுத் தயங்கினான். “அவருகிட்ட வேண்டாம், ஐயா. எங்க அப்பாவைக் கூப்பிடுங்க, அவரைக் கேப்போம்” என்றான்.