எங்கட குப்பை எரியிற இடம்



ஸ்காபரோவில நாங்கள் கட்டிப் போடுற குப்பை எங்க போகுது? தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கிரீன் லேன் குப்பைமேட்டுக்கு. ரொறன்ரோ மாநகரம் அதை 2007இல் வாங்கியது. அயலில் ஒனைடா பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள்.

புதைச்ச சோறும் மரக்கறியும் காற்றில்லாமல் அழுகினால் மெதேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். அதனாலதான் மேட்டுக்குள்ள குழாய் இறக்கி, வாயுவை உறிஞ்சி எரிக்கிறார்கள். எரிக்கத்தான் வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்தக் குழாயும் முழு வாயுவையும் பிடிக்காது. மிச்சம் வானத்துக்கு, நாற்றம் அயல்சனத்துக்கு.

அதே சோறு பச்சைத் தொட்டிக்குப் போனால், டிஸ்கோ வீதி, டஃபரின் நிலையங்களில மூடிய கலங்களுக்குள்ளேயே வாயு எடுக்கலாம். தனிவீட்டுக்காரருக்கு அந்தத் தொட்டி வாசலில நிற்குது. நான் இருக்கிற அடுக்குமாடியில மாடிக்கு மாடி குப்பைக்குழாய்தான். பச்சைத் தொட்டி கீழே, பின்பக்கம். இரவுவேலை முடிஞ்சு வாற சனத்தைக் குறை சொல்லி என்ன பயன்? வசதி செய்யவேண்டியது கட்டட உரிமையாளர்.

ஆகவே வாடகைக்காரர் சங்கங்களில் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கோ. நிலம் பறிபோன சனம் நாங்கள். எங்கட எச்சிலை இன்னொரு பறிபோன நிலத்துக்குப் பக்கத்தில கொட்டிவிட்டு, எரியுதுதானே என்று ஆறுதல்பட ஏலாது.