விடைக்குப் பிறகு ஒரு கேள்வி

(செல்லிப்பட்டில் ஆசிரியர் கூட்டமொன்றில் கணித ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்திருந்தாள். "சார், ஆராய்ச்சிக்குப் போறதா, பங்குச் சந்தை வர்த்தகத்துக்குப் போறதான்னு குழப்பமா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல குவான்ட் டிரேடர்னு ஒரு வேலை இருக்காம். அதுக்கு எப்படி சார் போறது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் சூதாட்டம்மா, பேங்க் பரீட்சை எழுது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று நான் சொன்னது தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். மழைக்காலத்தில் வீடூர் அணை நிரம்பினால் சங்கராபரணிக் கரையில் இருக்கும் நமக்கு எச்சரிக்கை வருகிறது. எவ்வளவு மழை, எவ்வளவு நீர்வரத்து என்று ஒருவர் கணக்கிடுகிறார். மதகைத் திறப்பவர் இன்னொருவர். அந்தக் கணக்கை "இத்தனை மணிக்கு, இத்தனை கன அடி" என்ற முடிவாக மாற்ற நடுவில் ஒருவர் வேண்டும். கணக்கும் தெரிய வேண்டும், கரையில் ஆள் இருப்பதும் தெரிய வேண்டும். நிதித் துறையில் அந்த நடு ஆள்தான் குவான்ட் டிரேடர். ஆராய்ச்சியாளர் பழைய விலைத் தரவுகளில் ஒழுங்கைத் தேடுவார். அந்த ஒழுங்கை நம்பி எவ்வளவு பணம் போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பது வர்த்தகர் வேலை. இரண்டையும் ஒருவரே செய்யும் பணி இது.

இதற்கு வேண்டிய பாடம் நம் பாடம்தான். நிகழ்தகவு, புள்ளியியல், அணிகள், நுண்கணிதம், அத்துடன் பைத்தான் போன்ற ஒரு கணினி மொழி. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகமும், 1931-இல் மகலநோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கிறோம்?

நிகழ்தகவில் ஆய்வு செய்து 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர். சீனிவாச வரதன் சென்னையில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். மாநிலக் கல்லூரியில் படித்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, நியூயார்க் சென்றவர். பள்ளியிலிருந்து போகும் பாதைதான் அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் ஈட்டிய லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் கணினி நிரல் வழியே வந்தது. கைப்பேசியில் விளையாட்டுப்போல் வாங்கி விற்கும் நம் பையனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது இந்தக் கணித மூளைகள்தான். "பத்து நாளில் டிரேடிங்" என்று விளம்பரம் செய்யும் வகுப்பும் இந்த வேலையும் ஒன்றல்ல என்று மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கணித மூளையும் தோற்கும். நோபல் பரிசு பெற்ற ஷோல்ஸ், மெர்ட்டன் இருவரும் பங்கேற்று நடத்திய அமெரிக்க நிதி நிறுவனமான எல்.டி.சி.எம்., 1998-இல் சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சூத்திரம் தெரிந்தவர்கள்தான். கடன் வாங்கிப் போட்ட தொகைதான் கவிழ்த்தது.

சரி, அந்த மாணவிக்கு வருகிறேன். என் பேச்சைக் கேட்காமல் விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு நேர்முகத் தேர்வில் கேட்டார்களாம்: பகடையை உருட்டினால் விழும் எண்ணே ரூபாய். ஆட என்ன விலை கொடுப்பாய்? சராசரி மூன்றரை ரூபாய் என்றாள். பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டலாம் என்றால்? 4, 5, 6 வந்தால் வைத்துக்கொள்வேன், மற்றவை வந்தால் மீண்டும் உருட்டுவேன், சராசரி 4.25 என்றாள். இரண்டும் சரி. மூன்றாவது கேள்வி: "விலை நான்கு ரூபாய். உன்னிடம் இருப்பது நூறு ரூபாய். ஒரே உருட்டலுக்கு எத்தனை சீட்டு வாங்குவாய்?" அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

"சார், விடை வந்ததும் கட்டம் போட்டு முடிச்சிடுவோமே, அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு யாருமே கேட்டதில்ல" என்றாள். கட்டம் போடச் சொன்னவன் நான்தான்.

இப்போது சென்னையில் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருக்கிறாள். மறுபடி முயல்கிறாள். கிடைக்குமா என்பது போகப் போகத் தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நிகழ்தகவுக் கணக்கில் விடை வந்தபின் ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள்: "இந்த விடையை நம்பி நீ என்ன செய்வாய்? தவறினால் எவ்வளவு இழப்பாய்?" தொடக்கப் பள்ளியிலும் கேட்கலாம். மேகம் கறுத்திருக்கிறது, நெல்லைக் களத்தில் காயப் போடலாமா என்பதும் அதே கேள்விதான். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது உதவும். கைப்பேசியில் பணத்தை விடப்போகும் பிள்ளையை அது தடுக்கும்.

தெரியாத வேலையைப் பற்றி மாணவர் கேட்டால் "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம். நான் அன்று சொல்லத் தவறியது அதுதான்.