எல்லையோரத்து லோயர்கேம்ப்



லோயர்கேம்பைப் பற்றி நான்கு வார்த்தை பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் இதை ஓர் ஊராகவே எண்ணுவதில்லை. குமுளி மலை ஏறுமுன் பேருந்து நிற்கும் இடம், அவ்வளவுதான். பெயரும் அதற்கேற்றாற்போல் வெறும் முகாம்தானே!

கம்பம் பள்ளத்தாக்கு கூடலூரைத் தாண்டிக் குறுகி, மலையில் முட்டி நிற்கும் இடம் இது. ஆறேழு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் குமுளி. அங்கே கடைவீதியில் பத்தடி நடந்தால் கேரளம்.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கரை 999 ஆண்டுக் குத்தகைக்குச் சென்னை மாகாண அரசுக்கு அளித்தது. மறு ஆண்டு பென்னிகுக் துரை பெரியாறு அணையைத் தொடங்கினார், 1895இல் திறந்தார்கள். மேற்கே ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்த வேலைக்காக மலையடியில் போட்ட முகாமே நம் ஊர். துரைக்கு 2013இல் இங்கு மணிமண்டபம் எழுந்தது, நியாயமே. சுண்ணாம்பும் கல்லும் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த கூலிகளின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

அந்நீர் இன்று ராட்சதக் குழாய்களில் இறங்கி, நம் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, முல்லையாறாக ஓடி, வைகையில் கலந்து இராமநாதபுரம்வரை செல்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள், தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. கோடு மாறவில்லை, கோட்டுக்கு அப்பால் உறவினர் இருந்தார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு நம் பெண்கள் போவது நிற்கவுமில்லை.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையால் குமுளிச் சாலை அடைபட்டது. அப்போது மேலே சிக்கிக்கொண்ட தாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: “சாமி, தோட்டத்து முதலாளி மலையாளிதான். கூலியைக் கையில் கொடுத்து, இருட்டுமுன்னே காட்டுப்பாதைவரை கூடவே வந்து விட்டுட்டுப் போனார். நாங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இறங்கினோம்.” இறங்கியவர்களுக்குக் கீழே வேலை இல்லை. கடன் வாங்கித்தான் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நடந்ததாம். இரு பக்கமும் தண்ணீருக்காகப் பேசியவர்கள் ஆயிரம். இவர்களுடைய கூலிக்காகப் பேசியவர் எத்தனை பேர்?

சாலை திறந்ததும் அந்தத் தாய் அதே தோட்டத்துக்குத்தான் போனார். இப்போது அவருடைய மருமகள் போகிறார். விடியுமுன் ஜீப் வந்துவிடுகிறது. அதனால்தான் நம் சிற்றாலயத்தில் வாரநாள் பூசையை மாலைக்கு மாற்றினேன்.